மார்கழி, பொங்கல் நிகழ்ச்சிகள்: ஐந்து ஊர் நேரத்துக்கு ஒரே அட்டவணை போடுவது எப்படி?

சிறுவாணி_அலை எழுதியது:

வணக்கம். கோவையிலிருந்து நடக்கும் ஒரு சிறிய இணைய வானொலிக்கு டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை நிகழ்ச்சி அட்டவணை தயாரிக்க வேண்டும். நேயர்கள் தமிழ்நாடு, யாழ்ப்பாணம், லண்டன், டொராண்டோ, நியூ ஜெர்சி, சிட்னி, சிங்கப்பூர் என்று பல பக்கம் இருக்கிறார்கள். அசுராகாஸ்ட் என்ற வானொலி மென்பொருள் ஓடுகிறது. சர்வர் ஜெர்மனியில். ஒரே ஸ்ட்ரீம், 128 கேபிபிஎஸ் எம்பி3. நிலையத்தின் நேர மண்டலமாக இந்திய நேரம் வைத்திருக்கிறோம்.

திட்டத்தில் நான்கு நிகழ்ச்சிகள். மார்கழி முழுக்கக் காலை 5:30-க்குத் தினம் ஒரு திருப்பாவைப் பாசுரம், விளக்கத்தோடு சேர்த்து 12 நிமிடம். சனி இரவு 8:30-க்கு 50, 60-களின் திரைப்பாடல்கள், ஒரு மணி நேரம், தொகுப்பாளர் நேரலையில். பொங்கலன்று காலை 10 மணிக்குப் பட்டிமன்றம், நடுவரோடு 7 பேர், அதில் இருவர் லண்டனிலிருந்து பேசுவார்கள். ஞாயிறு நேயர் விருப்பம், வாட்ஸ்அப் குரல்பதிவு வழியாக.

கேட்க வேண்டியவை: எந்த ஊர் நேரத்தை அடிப்படையாக வைப்பது? மறுஒலிபரப்பு எத்தனை முறை, எப்போது? நிகழ்ச்சி சொன்ன நேரத்துக்குச் சரியாகத் தொடங்க அசுராகாஸ்டில் என்ன செய்ய வேண்டும்? முன்கூட்டியே எந்தப் பாட்டு வரும் என்று விளம்பரம் செய்யலாமா?

வடலி_வானலை எழுதியது:

வணக்கம். நேரக் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் எழுதட்டும்.

எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரே ஊர் நேரத்தை அடிப்படையாக வைக்கக் கூடாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் ஊர் வேண்டும். அந்த நிகழ்ச்சி யாருக்காக நடக்கிறதோ அந்த ஊர்தான் அதற்கு அடிப்படை. மற்ற ஊர்களுக்கு மறுஒலிபரப்பு.

நீங்கள் சொன்ன காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தோடு 5:30 கூட்டல். இலண்டன் யுடிசியேதான். ரொறன்ரோவும் நியூ ஜெர்சியும் 5 கழித்தல், சிங்கப்பூர் 8 கூட்டல், சிட்னி கோடை நேரத்தில் இருப்பதால் 11 கூட்டல். அதாவது கோவையிலிருந்து பார்த்தால் இலண்டன் ஐந்தரை மணி பின்னால், ரொறன்ரோ பத்தரை மணி பின்னால், சிட்னி ஐந்தரை மணி முன்னால்.

இனித் திருப்பாவையைப் பாருங்கோ. கோவையில் காலை 5:30 என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 7 மணி. விடியற்காலைப் பாசுரம் அங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போகும், திகதியும் ஒன்று குறையும். 27-ம் பாசுரம் மார்கழி 27-க்கு உரியது. ரொறன்ரோ நேயருக்கு அது 26-ம் நாளில் கேட்டால் கூடாரவல்லியைத் தவறவிட்ட மாதிரித்தான். ஆகையால் ஒவ்வோர் ஊரிலும் அவரவர் காலை 6 மணிக்குப் போடுவதுதான் முறை. கணக்கு அழகாக அமைகிறது: சிட்னி காலை 6 என்பது கோவை இரவு 12:30. சிங்கப்பூர் காலை 6 என்பது கோவை 3:30. பிறகு உங்கள் 5:30. இலண்டன் காலை 6 என்பது கோவை முற்பகல் 11:30. ரொறன்ரோ காலை 6 என்பது கோவை பிற்பகல் 4:30. இந்த ஐந்தும் ஒரே இந்தியத் திகதிக்குள் விழுகின்றன. ஆகவே நள்ளிரவில் ஒருமுறை பாசுரத்தை மாற்றினால் போதும், எந்த ஊரிலும் நாள் பிசகாது.

நாள் எண்ணிக்கையையும் முதலிலேயே பஞ்சாங்கத்தில் பார்த்துவிடுங்கோ. மார்கழி டிசம்பர் 16-ல் பிறந்து தை ஜனவரி 14-ல் பிறந்தால் மார்கழிக்கு 29 நாள்தான், பாசுரமோ 30. அந்த ஆண்டில் கடைசி நாளுக்கு 29-ம் 30-ம் சேர்த்து ஒரே கோப்பாக வைக்க வேண்டும், நிகழ்ச்சியும் 12 நிமிடத்திலிருந்து 20-க்கு மேல் நீளும். தை 15-ல் பிறந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

யாழ்ப்பாணத்து நேயர்கள் இருக்கிறார்கள் என்றபடியால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மார்கழி என்றால் திருவெம்பாவைதான். திருவாதிரையில் முடிகிற பத்து நாள் பூசை அது. 20 பாட்டு, நாளுக்கு இரண்டு என்று வைத்தால் பத்து நாளுக்குச் சரியாக வரும். திருவாதிரை நட்சத்திரத்தைப் பொறுத்து ஆண்டுதோறும் திகதி மாறும், பின்னோக்கி எண்ணித் தொடக்க நாளைக் குறியுங்கோ. திருப்பாவை முடிந்த கையோடு 5:42-க்குப் போட்டால் தனி நேரம் தேடத் தேவையில்லை.

சனி 8:30 நல்ல தேர்வு. இலண்டனில் பிற்பகல் 3, ரொறன்ரோவில் காலை 10. வார இறுதியில் கோவை இரவு 7:30 முதல் 10:30 வரையான மூன்று மணி நேரம்தான் மூன்று கண்டத்தவரும் விழித்திருக்கும் நேரம். முக்கியமான நேரலைகளை அதற்குள் வைக்கப் பாருங்கோ. சிட்னியும் சிங்கப்பூரும் மட்டும் அதில் அடங்காது. ஞாயிறு கோவை பிற்பகல் 12:30-க்கு மறுஒலிபரப்பு வைத்தால் சிட்னியில் மாலை 6, சிங்கப்பூரில் பிற்பகல் 3.

பொங்கல் காலை 10 மணி பட்டிமன்றம் வேண்டவே வேண்டாம். அது இலண்டனில் விடியற்காலை 4:30. உங்கள் பேச்சாளர் இருவர் அங்கேதான் இருக்கிறார்கள். கோவை இரவு 7:30-க்கு மாற்றினால் இலண்டன் பிற்பகல் 2, ரொறன்ரோ காலை 9. ஆனால் பொங்கல் பெரும்பாலும் வேலைநாளில் வரும், அந்த ஊர்களில் விடுமுறை இல்லை. ஆகவே கோவை இரவு 12:30-க்கு ஒருமுறை, அது இலண்டன் இரவு 7. அடுத்த நாள் காலை 5:30-க்கு இன்னொருமுறை, அது ரொறன்ரோ இரவு 7. மார்கழி முடிந்துவிட்டதால் அந்த 5:30 இடம் வெறுமையாகத்தான் இருக்கும்.

எழுதும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஞாயிறு பிறந்த பிறகு வரும் இரவு 1:30-ஐ நம்மவர்கள் "சனி இரவு ஒன்றரை" என்றுதான் சொல்வார்கள். பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள் என்பது நமது பழக்கம். கைப்பேசிக்கு அது ஞாயிறு. எனவே நள்ளிரவுக்குப் பின் வரும் எதற்கும் கிழமையோடு திகதியும் போட்டு "அதிகாலை" என்று எழுதுங்கோ. "இரவு 12 மணி" என்று எழுதவே எழுதாதீர்கள், அது எந்த நாளின் தொடக்கம் என்று இரண்டு பேர் இரண்டு விதமாக எடுப்பார்கள். 12:05 என்று வையுங்கோ.

இந்த அட்டவணையை அப்படியே மார்ச்சுக்கு இழுத்துச் செல்ல முடியாது. கனடாவும் அமெரிக்காவும் மார்ச் இரண்டாம் ஞாயிறு மணியை முன்னே தள்ளும். பிரித்தானியா மார்ச் கடைசி ஞாயிறுதான். இடையில் ஆண்டைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று வாரம் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் நான்கு மணி வித்தியாசம்தான். சிட்னி ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே போகும். ஐப்பசியிலும் இதே கதை: பிரித்தானியா ஒக்ரோபர் கடைசி ஞாயிறு, கனடா நவம்பர் முதல் ஞாயிறு, நடுவில் ஒரு வாரம்.

மிக்சர்_மேசை எழுதியது:

அசுராகாஸ்ட் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதில் ஒரு நிலையத்துக்கு ஒரே ஒரு நேர மண்டலம்தான். லண்டன் நேரத்தை அடிப்படையாக வைத்த நிகழ்ச்சி இருந்தால் அது தானாக நகராது. இதற்கு வழி, ஒரே பிளேலிஸ்டுக்கு இரண்டு அட்டவணை வரிகள் போடுவது: முதல் வரிக்கு முடிவுத் தேதியாக மார்ச் கடைசி ஞாயிறுக்கு முந்தைய சனி, இரண்டாவது வரிக்குத் தொடக்கத் தேதியாக அந்தக் கடைசி ஞாயிறு, ஒரு மணி நேரம் முன்னால். இப்போதே போட்டு வைத்துவிட்டால் மார்ச்சில் யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை.

திருப்பாவைக்கு 30 கோப்பையும் ஒரே பிளேலிஸ்டில் வரிசை முறையில் போட்டு ஐந்து நேரம் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை ஓடும்போதும் வரிசை ஒன்று நகரும். சிட்னிக்கு 1-ம் பாசுரம், சிங்கப்பூருக்கு 2, கோவைக்கு 3 என்று போய் ஆறே நாளில் முப்பதும் தீர்ந்துவிடும். ஊருக்கு ஒன்றாக ஐந்து பிளேலிஸ்ட் வைத்தால் இது சரியாகும், ஆனால் ஒருநாள் சர்வர் நின்றால் அந்த ஊரின் வரிசை மட்டும் ஒரு நாள் பின்தங்கி, மாதம் முழுக்க அப்படியே ஓடும். உறுதியான வழி 30 பிளேலிஸ்ட். ஒவ்வொன்றிலும் ஒரே கோப்பு, தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் அதே நாள், ஐந்து நேர வரிகள். மொத்தம் 150 வரி. ஒரு மாலை முழுக்க வேலைதான், ஆனால் பிறகு மாதம் முழுக்கத் தொட வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியிலும் "ஒருமுறை மட்டும் சுற்று" என்ற விருப்பத்தைக் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் 15 நிமிட இடைவெளியில் 12 நிமிடப் பாசுரம் முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

சரியான நேரத்தில் தொடங்குவது பற்றி. அட்டவணை நேரம் வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு முடிந்த பிறகுதான் புதியது வரும், அதுதான் இயல்பான அமைப்பு. 8:29-க்கு ஒரு ஆறு நிமிடப் பாட்டு தொடங்கினால் உங்கள் நிகழ்ச்சி 8:35. பிளேலிஸ்டின் மேல்நிலை அமைப்பில் மற்றப் பாட்டை இடைமறித்துத் தொடங்கும் விருப்பம் உண்டு. ஆனால் அது நடுப்பாட்டில் வெட்டும், கேட்கவே சங்கடமாக இருக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்: நிகழ்ச்சிக்கு முந்தைய பத்து நிமிடத்துக்குக் குரல் இல்லாத வாத்திய இசை மட்டும் உள்ள ஒரு பிளேலிஸ்ட், அதன்மேல் இடைமறிப்பு. வீணையோ குழலோ நடுவில் தணிந்து நிலைய முத்திரை ஒலி வந்தால் யாருக்கும் உறுத்தாது. சரணம் பாதியில் அறுந்தால் உறுத்தும்.

நேரலைத் தொகுப்பாளர் இணைந்துவிட்டால் அவர் ஒலி தானியங்கிப் பட்டியலுக்கு மேலே வந்துவிடும். அவர் இணைப்பைத் துண்டிக்க மறந்தால் அடுத்த நிகழ்ச்சி வராது, வெறும் அறைச் சத்தம்தான் போகும். ஒவ்வொரு தொகுப்பாளருக்கும் தனிக் கணக்கு கொடுத்து அதில் அவருடைய நேரத்தைக் கட்டாயமாக்குங்கள். ஒரே கடவுச்சொல்லை எல்லாருக்கும் கொடுக்கிற பழக்கம் இந்த ஒரு காரணத்துக்காகவே கூடாது. பட் என்ற நேரலை அனுப்பும் மென்பொருளில் சர்வர் வகை ஐஸ்காஸ்ட், மவுண்ட் (ஸ்ட்ரீமின் முகவரிப் பெயர்) ஒரு சாய்கோடு மட்டும், போர்ட் எண் நேயர் கேட்கும் 8000 கிடையாது. முதல் நிலையத்துக்கு வழக்கமாக 8005. இதைக் குழப்பிக்கொண்டு "கடவுச்சொல் தவறு" என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் அதிகம்.

ஒரு மணி நேரத்துக்கு 60 நிமிடம் தயாரிக்காதீர்கள், 57 போதும். பழைய பாட்டு சராசரி மூன்றரை நிமிடம் என்று வைத்தால் 13 பாட்டுக்கு 45:30. இடையில் 12 பேச்சு, தலைக்கு 40 விநாடி, 8 நிமிடம். தொடக்கமும் முடிவும் ஒன்றரை நிமிடம். 30 விநாடி அறிவிப்பு மூன்று, ஒன்றரை நிமிடம். முத்திரை ஒலி மூன்று, அரை நிமிடம். கூட்டினால் 57:00. மீதி மூன்று நிமிடம் வாத்திய இசைக்கு. தொகுப்பாளர் கொஞ்சம் நீட்டினாலும் அது தாங்கும்.

ஒலி அளவு இதைவிட முக்கியம். 50-களின் ஒற்றைத் தட ஒலிப்பதிவுக்கும் இன்றைய மாஸ்டரிங்குக்கும் 8, 10 டெசிபல் வித்தியாசம் சாதாரணமாக வரும். பழைய பாட்டுக்காக நேயர் ஒலியைக் கூட்டி வைத்திருப்பார், அடுத்து வரும் விளம்பரம் காதைக் கிழிக்கும். எல்லாக் கோப்பையும் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலி அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபல் என்று ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அறிவிப்புகளுக்கும் இதே அளவுதான். பழைய பாட்டைத் தூக்கும்போது இரைச்சலும் கூடவே ஏறும். இரைச்சல் நீக்கியை அதிகம் அழுத்தினால் பாடகர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். 6 டெசிபல் அளவுக்கு நீக்கியதோடு நிறுத்துங்கள். கொஞ்சம் கரகரப்பு இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது, குரலின் உயிர் போனால் திரும்ப வராது.

அலைவரிசை: 128-ல் ஒரு நேயருக்கு ஒரு மணி நேரத்துக்கு 57.6 எம்பி. பட்டிமன்றத்துக்கு 300 பேர் இரண்டு மணி நேரம் கேட்டால் சுமார் 34.6 ஜிபி, அந்த நேரத்தில் சர்வரிலிருந்து வெளியேறும் வேகம் 38.4 எம்பிபிஎஸ். ஜெர்மனிச் சர்வருக்கு இது பெரிய சுமை கிடையாது. ஆனால் நிலைய அமைப்பிலும் மவுண்டிலும் அதிகபட்ச நேயர் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள். அது 100-ல் நின்றால் 101-வது ஆள் உள்ளே வர முடியாது, உங்களுக்குப் புகாரும் வராது, அவர் போய்விடுவார். 64 கேபிபிஎஸ்-ல் இரண்டாவது மவுண்ட் ஒன்றும் திறந்து வையுங்கள். கைப்பேசி டேட்டாவில் கேட்பவருக்கு மணிக்கு 28.8 எம்பிதான் செலவாகும், பேச்சுக்கு அது தாராளம்.

உரிமைக்_கணக்கு எழுதியது:

கடைசிக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அட்டவணையின் சொற்களையே அது மாற்றும்.

நியூ ஜெர்சியில் நேயர்கள் இருப்பதால் அமெரிக்காவின் இணைய ஒலிபரப்பு உரிமத்தைப் பார்க்க வேண்டும். ஒலிப்பதிவுகளுக்கான சட்டவழி உரிமம் அங்கே சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு மூலமாக. அந்த உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று உங்கள் கேள்விக்கு நேர் பதில்: வரப்போகும் குறிப்பிட்ட ஒலிப்பதிவுகளின் பெயர்களை முன்கூட்டியே அட்டவணையாக வெளியிடக் கூடாது. பாடகர் பெயரை எடுத்துக்காட்டாக, இந்த நிகழ்ச்சியில் இன்னார் போன்றவர்களின் பாடல்கள் என்ற அளவில் சொல்லலாம். ஆகவே "50, 60-களின் திரைப்பாடல்கள்" என்று விளம்பரம் செய்யலாம். 13 பாட்டின் பட்டியலை வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. பாட்டு ஓடும்போது பெயர் காட்டுவதில் தடை இல்லை, அதைக் காட்டத்தான் வேண்டும்.

இன்னொரு நிபந்தனை பாட்டுத் தேர்வைத் தொடும். மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் கூடாது, அதிலும் தொடர்ச்சியாக இரண்டுக்கு மேல் கூடாது. ஒரே பாடகருக்கு நான்கு, தொடர்ச்சியாக மூன்று. ஒரு பாடகர் நினைவு நாளில் மூன்று மணி நேரமும் அவர் பாட்டு மட்டும் என்று திட்டமிட்டால் இந்த உரிமத்துக்குள் அடங்காது.

மறுஒலிபரப்புக்கும் வரம்பு உண்டு. முன்வரிசைப்படுத்திய ஒலிப்பதிவுகள் கொண்ட, முன்கூட்டியே அறிவித்த நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் எந்த இரண்டு வாரத்திலும் மூன்று முறைதான். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் நான்கு முறை. சனி நிகழ்ச்சிக்கு நேரலையும் ஒரு மறுஒலிபரப்பும்தான், சிக்கல் இல்லை. திருப்பாவைக்கு வடலி சொன்ன ஐந்து நேரம் சரியான யோசனை. ஆனால் அதற்கு வெளிச்சந்தை ஒலிநாடாவைப் பயன்படுத்தினால் வரம்பைத் தாண்டிவிடும். தீர்வு எளிது: ஆண்டாளின் பாசுரத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது. தெரிந்த ஒரு பாடகரைக் கொண்டு நீங்களே 30 பாசுரத்தையும் பதிவு செய்யுங்கள். ஒலிப்பதிவு நிலையத்துக்குச் சொந்தம், எல்லா நாட்டிலும் எத்தனை முறையும் ஒலிபரப்பலாம், காப்பகத்திலும் வைக்கலாம் என்று பாடகரிடமும் விளக்கம் சொல்பவரிடமும் எழுதி வாங்குங்கள். தம்புரா சுருதி மட்டும் போதும், பக்கவாத்தியம் இருந்தால் அவர்களிடமும் கையெழுத்து வேண்டும். அதன்பின் ஐந்து முறை போட்டாலும் ஐம்பது முறை போட்டாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பட்டிமன்றம் பேச்சு என்பதால் இந்த இசை வரம்புகள் அதற்கு இல்லை. இடையில் பாட்டுத் துணுக்கு போட்டால் அந்தத் துணுக்குக்கு உரிமை வேண்டும்.

இந்தியப் பக்கம். பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ் என்ற உரிமை அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும், ஒலிப்பதிவுக்கு அந்தந்த நிறுவனம் அல்லது அவர்கள் சார்பில் பிபிஎல் என்ற அமைப்பு. பழைய எச்எம்வி பதிவுகள் இன்று சரிகமவிடம். எஃப்எம் வானொலிகள் பயன்படுத்தும் பதிப்புரிமைச் சட்டம் 31டி பிரிவின் சட்டவழி உரிமம் இணையத்துக்குச் செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-ல் விங்க் இசைச் செயலி வழக்கில் சொன்னது, 2022-ல் மேல் அமர்வும் அதையே உறுதி செய்தது. எஃப்எம் கட்டணத்தைக் காட்டி இணைய வானொலி நடத்த முடியாது, நேரடியாகப் பேசித்தான் வாங்க வேண்டும். இதே வேலைக்குப் பிரிட்டனில் பிஆர்எஸ், பிபிஎல், கனடாவில் சோகன், ரீசவுண்ட் என்ற அமைப்புகள்.

60 ஆண்டு கடந்த பாட்டு இலவசம் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. பாதிதான் உண்மை. இந்தியாவில் 1964-ல் வெளியான ஒலிப்பதிவின் உரிமை 2024 கடைசியோடு முடிந்தது. ஆனால் அதன் வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் மறைந்து 60 ஆண்டு ஆக வேண்டும். கண்ணதாசன் 1981-ல் மறைந்தார், அவர் வரிகள் 2041 கடைசி வரை. எம்.எஸ்.விஸ்வநாதன் 2015-ல் மறைந்தார், மெட்டுகள் 2075 வரை. அமெரிக்காவிலோ 1957 முதல் 1972 பிப்ரவரி நடு வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு இருக்கிறது. கர்நாடக இசையிலும் இதையே கவனியுங்கள்: மும்மூர்த்திகளின் கீர்த்தனைகள் பொதுச் சொத்து. பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தவர், 2033 வரை உரிமை உண்டு. சபாக் கச்சேரியை அஞ்சல் செய்ய நினைத்தால் சபாவின் அனுமதி மட்டும் போதாது, பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும்.

சிறுவாணி_அலை எழுதியது:

மிக்க நன்றி. பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே போடக் கூடாது என்பது தெரியாமல் இருந்தது, நிறுத்திவிடுகிறோம். திருப்பாவையைச் சொந்தமாகவே பதிவு செய்கிறோம். பட்டிமன்றத்துக்கு லண்டன் பேச்சாளர்களை ஜூம் வழியாக இணைத்து ஒலிபரப்ப வேண்டும். எதிரொலி வராமல் எப்படி? நேயர் விருப்பத்துக்குக் குரல்பதிவு எப்போது வரை வாங்கலாம்?

மிக்சர்_மேசை எழுதியது:

ஒரே கணினியில் ஜூமும் பட்டும் ஓடினால் வாய்ஸ்மீட்டர் பனானா என்ற ஒலிக்கலவை மென்பொருள் வேண்டும். சாதாரண வாய்ஸ்மீட்டரில் ஒரே ஒரு மெய்நிகர் வெளியீடுதான், இங்கே பி1, பி2 என்று இரண்டு தேவை. பி1-ஐ பட்டுக்குக் கொடுங்கள்: அதில் கோவை மைக்குகள், ஜூமிலிருந்து வரும் குரல், முத்திரை ஒலி மூன்றும் சேரும். பி2-ஐ ஜூமுக்கு மைக்காகக் கொடுங்கள்: அதில் கோவை மைக்குகளும் முத்திரை ஒலியும் மட்டும். ஜூம் குரல் வரும் பட்டையில் பி2 பொத்தான் தவறி அழுந்தியிருந்தால் லண்டன்காரர் தம் குரலையே அரை விநாடி தாமதமாகக் கேட்பார், ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. எதிரொலிப் புகாரில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கோவையில் ஐந்து பேரும் ஹெட்போன் போட வேண்டும். ஒலிபெருக்கியில் லண்டன் குரலைக் கேட்க வைத்தால் அது மைக்கில் புகுந்து திரும்பிப் போகும். ஜூமில் இரைச்சல் நீக்கத்தை நிறுத்தி இயல்பான ஒலியைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பேச்சாளர் குரலை உயர்த்தும் இடத்தில் மென்பொருள் அமுக்கிவிடும், கைதட்டலும் இரைச்சலென்று வெட்டுப்படும். பட்டிமன்றத்தில் கைதட்டல் இல்லாமல் என்ன இருக்கிறது. லண்டன் பேச்சாளர் இருவரையும் தங்கள் கைப்பேசியில் தனியாகவும் பதிவு செய்யச் சொல்லுங்கள். மறுஒலிபரப்புக்கு அந்தத் தெளிவான பதிவைப் பொருத்திவிடலாம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டிவிட்டால் பொருத்த இடம் கிடைக்கும்.

பேசுபவர்கள் வீட்டில் நிலைய ஒலிபரப்பு ஓடக் கூடாது. ஸ்ட்ரீம் 20, 30 விநாடி தாமதமாகத்தான் போய்ச் சேரும், பக்கத்து அறையில் ஓடினாலும் மைக்கில் விழும்.

இரண்டு மணி நேரத்துக்குப் பகுப்பு: நடுவர் முன்னுரை 12 நிமிடம், ஆறு பேருக்குத் தலா 11, நடுவரின் இடைமொழி ஐந்து முறை மூன்று நிமிடம், தீர்ப்பு 15, அறிவிப்பு இடைவேளை மூன்று முறை இரண்டு நிமிடம். மொத்தம் 114. மீதி ஆறு நிமிடத்தை நடுவருக்கென்று ஒதுக்கி வையுங்கள், யாரும் 11-ல் நிறுத்த மாட்டார்கள். லண்டன்காரரை மூன்றாவதாகவும் நான்காவதாகவும் பேச வையுங்கள். முதலில் வைத்து இணைப்பு சொதப்பினால் நிகழ்ச்சியே தடுமாறும், கடைசியில் வைத்தால் மாற்று ஏற்பாட்டுக்கு நேரம் இருக்காது.

மின்தடைக்குக் கணினியை மட்டும் யுபிஎஸ்ஸில் வைத்தால் போதாது, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அதில் இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் அசுராகாஸ்ட் தானியங்கிப் பட்டியலுக்குத் தாவும், அப்போது குத்துப்பாட்டு வந்து விழக் கூடாது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு மங்கல இசை, நாதஸ்வரம் மட்டும் உள்ள பிளேலிஸ்ட் ஒன்றை அட்டவணையில் வைத்துவிடுங்கள். நேரலை இருக்கும்வரை அது கேட்காது, அறுந்தால் அதுதான் வரும்.

குரல்பதிவை வெள்ளி இரவு 9 மணியோடு முடியுங்கள். ஒவ்வொன்றையும் கேட்டு, ஊர், பெயர் உச்சரிப்பு சரிபார்த்து, 20 விநாடிக்குச் சுருக்கி, ஒலி அளவு சமப்படுத்தக் குறைந்தது ஒரு முழு நாள் வேண்டும். கடைசி நேரத்தையும் ஊர்வாரியாக அறிவியுங்கள்.

அறிவிப்புப் பதிவில் "நாளை", "இன்றிரவு" என்ற சொற்களே வேண்டாம். சிட்னிக்கு அது ஏற்கெனவே நாளையாக இருக்கும். கிழமையும் மணியும் சொல்லுங்கள். 30 விநாடிக்கு 50 சொல்லுக்கு மேல் எழுதினால் வாசிப்பவர் ஓட வேண்டி வரும். ஐந்து ஊர் நேரத்தையும் ஒரே அறிவிப்பில் அடுக்கினால் ஒருவர் மனதிலும் நிற்காது. இரண்டிரண்டு ஊராக மூன்று பதிவு செய்து, அந்த ஊர் விழித்திருக்கும் நேரத்தில் அதற்குரியதை ஓட விடுங்கள்.

வடலி_வானலை எழுதியது:

ஒன்று சேர்க்க வேண்டும். அட்டவணையைப் படமாக மட்டும் போடாதீர்கள். படத்திலிருந்து நேரத்தை நகலெடுக்க முடியாது, பார்வையற்ற நேயரின் திரைவாசிப்பானுக்கும் அது வெறும் படம். வானொலிக்கு அவர்கள் முக்கியமான நேயர்கள். எழுத்தாகவும் போடுங்கோ. கூகுள் நாட்காட்டியில் பொதுவான நாட்காட்டி ஒன்று திறந்து ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதன் அடிப்படை ஊரின் நேர மண்டலத்தைக் கொடுத்தால், பார்ப்பவருக்கு அவரவர் ஊர் நேரத்தில் தெரியும், கோடை நேர மாற்றமும் தானாக வரும்.

பாட்டுப் பெயர்கள் தமிழில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரிந்தால் கோப்பின் குறிச்சொற்கள் பழைய எழுத்துரு முறையில் இருக்கின்றன என்று அர்த்தம். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கோ. அசுராகாஸ்ட் இல்லாமல் ஐஸ்காஸ்ட் என்ற ஸ்ட்ரீம் சர்வரைத் தனியாக ஓட்டுபவர்கள் எம்பி3 மவுண்டுக்கு எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8 என்று குறிக்க வேண்டும், குறிக்காவிட்டால் இலத்தீன் என்று எடுத்துக்கொள்ளும்.

சிறுவாணி_அலை எழுதியது:

சனி நிகழ்ச்சிக்கு இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்.

50, 60-களின் திரைப்பாடல்கள். நேரலை. தமிழ்நாடு, யாழ்ப்பாணம்: சனி இரவு 8:30. லண்டன்: சனி பிற்பகல் 3:00. டொராண்டோ, நியூ ஜெர்சி: சனி காலை 10:00. சிங்கப்பூர்: சனி இரவு 11:00. சிட்னி: சனி அதிகாலை 2:00. மறுஒலிபரப்பு: சிட்னி ஞாயிறு மாலை 6:00, சிங்கப்பூர் ஞாயிறு பிற்பகல் 3:00, லண்டன் ஞாயிறு காலை 7:00.

வடலி_வானலை எழுதியது:

சிட்னி நேரலை ஞாயிறு அதிகாலை 2:00. சனி என்று போட்டால் அவர்கள் ஒரு நாள் முன்னதாக விழித்திருந்து காத்திருப்பார்கள். மற்றதெல்லாம் சரி. கீழே "இந்த நேரங்கள் மார்ச் இரண்டாம் சனி வரை" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கோ. அந்த ஆண்டு மார்ச் முதல் திகதியே ஞாயிறாக வந்தால் மட்டும் முதல் சனியோடு முடியும்.